இது மறுநடவுதானா? மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகத்துக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
6 செப்டம்பர் 2025

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 28, விடியற்காலை மூன்று மணி. எங்கள் ஊர் உணவுக் கடை ஒன்றில் பதினான்கு பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வியாழக்கிழமை அது. பாதிப் பேர் காலை ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவர்கள். திரையில் கிரிம்ஸ்பி ஊரின் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் ஆடும் அணி, முதல் அரை மணி நேரத்திலேயே உங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டுவிட்டது. கடைசிக் கால் மணி நேரத்தில் எப்படியோ இரண்டையும் திருப்பினீர்கள். பினால்டி. ஐந்து ஐந்தாக முடிய வேண்டியது நீண்டுகொண்டே போய், கோல் காவலர்கள்கூட வந்து உதைக்க வேண்டியதாயிற்று. முடிவு 12-11. கடைசியாக உதைத்தவர், இந்தக் கோடையில் நீங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கிய பிரையன் எம்பெயுமோ. பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. பள்ளி வேன் ஓட்டும் பெரியவர் ஒருவர் மட்டும் என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

“தம்பி, அணியைப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய். கட்டுகிறார்களா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்பது நாளாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நடக்கிறேன். பதில் இருக்கும் இடம் உங்கள் அலுவலகம் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு: உங்களிடம் என்ன கேட்டேன் என்பது என்னோடு விழித்திருந்த பதின்மூன்று பேருக்கும் தெரிய வேண்டும்.

சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே உள்ள தோட்டப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா (ரப்பர்) மரங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. என் தாத்தா பால் வெட்டினார். அப்பாவும் பால் வெட்டினார். அம்மா நிரையில் புல் வெட்டினார். நான் பிறந்த தோட்டத்தில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். மாலை நான்கு மணிக்கு மேல் அந்தத் திடலில் பந்து உருளாத நாள் கிடையாது.

உங்கள் அணியை நாங்கள் சுவரொட்டியைப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் அல்லர். 1999 மே 27 விடியற்காலை, தோட்ட மண்டபத்துத் தொலைக்காட்சி முன்னால் என் அப்பா உட்கார்ந்திருந்தார். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பயர்ன் மியூனிக் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. தொண்ணூறு நிமிடமும் முடிந்த பிறகு ஷெரிங்கம் ஒன்று, சோல்ஷார் ஒன்று. அப்பா சத்தம் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே பெரட்டுக்கு, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போனார். அன்று முழுவதும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே நடந்தார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த அணியில் கிக்ஸ், பெக்கம், கேரி நெவில், பட் எல்லாரும் உங்கள் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த பிள்ளைகள். அப்பாவுக்கு அது பெரிய விஷயம். “வாங்கின ஆள் இல்லை, வளர்த்த ஆள்” என்பார்.

அதனால்தான் அணியைப் ‘புதிதாகக் கட்டுகிறோம்’ என்று நீங்கள் சொல்லும்போது எங்கள் காதில் அது ‘மறுநடவு’ என்று விழுகிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள். அது என்ன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வயதான கித்தாக் காட்டை அழிப்பதற்கு முன் ஓரிரு ஆண்டுகள், வெட்டி எறியப் போகிற மரம்தானே என்று பட்டையைப் பார்க்காமல் வெட்டச் சொல்வார்கள். ஏணி வைத்து மேலே வெட்டு, மறுபக்கமும் வெட்டு, ஒரு நாளும் விடாமல் வெட்டு. அந்தக் காலத்தில் வாளி நிறைந்து வழியும். புதிதாக வந்த துரை கணக்கைப் பார்த்து மகிழ்ந்துபோவார். அப்பா மட்டும் முகம் சுளிப்பார். அது விளைச்சல் இல்லை, மரத்தின் உயிர் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு மரங்கள் சாயும். நாற்றங்காலில் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவார்கள். நல்ல இன மரத்தின் மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, கன்றின் அடித்தண்டில் பதித்து, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து, மொட்டின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா. உள்ளே பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. பழுப்பாக இருந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த கன்றுக்கு நகர்வார். அவர் நகக்கண்ணில் எப்போதும் அந்தப் பச்சை இருக்கும்.

கன்றைக் காட்டில் நட்ட பிறகு ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு சொட்டுப் பாலும் கிடையாது. களை எடுக்க வேண்டும், உரம் போட வேண்டும், கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்டின் சுற்றளவு 50 சென்டிமீட்டரைத் தொடும் வரை யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நடந்துபோய், ஒரு மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் நாலு விரல்” என்று சொல்லித் திரும்புவார்.

இதைப் போன்ற ஒன்றை நீங்களும் செய்தவர்கள்தாம். 1958 பிப்ரவரி 6, மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் உங்கள் ஆட்டக்காரர்கள். மேட் பஸ்பி உயிர் பிழைத்து எழுந்து வந்து, பத்து ஆண்டு கழித்து, 1968-இல் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினார். விபத்தில் தப்பிய பாபி சார்ல்டன் அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் வந்தார். முதல் கிண்ணம் 1990-இல்தான். லீக் பட்டம் 1993-இல்: ஆறரை ஆண்டு, ஒரு கித்தாக் கன்று பால் மரமாகும் காலம். அதற்குள் அவரை அனுப்பச் சொல்லிக் கூச்சல் எழாமல் இல்லை. அப்போதிருந்த நிர்வாகம் கயிற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தது. 1995 கோடையில் அவர் இன்ஸ், ஹியூஸ், கன்செல்ஸ்கிஸ் மூவரையும் விற்றுவிட்டுப் பிள்ளைகளை இறக்கினார். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 தோல்வி. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் லீக் பட்டமும் எஃப்ஏ கிண்ணமும் அந்தப் பையன்களிடம் இருந்தன.

பெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு மோய்ஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷார், தென் ஹாக், அமோரிம். இடைக்காலத்துக்கு வந்தவர்களைக் கழித்தாலும் பன்னிரண்டு ஆண்டில் ஆறு பயிற்றுநர்கள். ஒவ்வொருவர் வரும்போதும் ‘புதிதாகக் கட்டுகிறோம்’ என்ற அதே சொல். ஒருவர் கேட்ட மரத்தை நட்டீர்கள், அடுத்தவர் வந்து அந்த மரம் தனக்கு ஆகாது என்றார், வேரோடு பிடுங்கினீர்கள். எந்தக் கன்றின் ஒட்டு பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நகத்தால் கீறிப் பார்க்கக்கூட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதில் பால் போக்பாவின் கதையை என்னால் மறக்க முடியாது. உங்கள் நாற்றங்காலில் நின்ற பிள்ளை. 2012-இல் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போக விட்டீர்கள். 2016-இல் அதே பிள்ளையை 89 மில்லியன் பவுண்ட் கொடுத்து, அன்றைய உலகச் சாதனை விலைக்குத் திரும்ப வாங்கினீர்கள். 2022-இல் ஒரு காசு வாங்காமல் மறுபடி போக விட்டீர்கள். தோட்டத்தில் ஒரு கங்காணி இப்படிச் செய்திருந்தால் அடுத்த நாள் பெரட்டில் அவர் நின்றிருக்க முடியாது.

சரி, இந்தக் கோடைக்கு வருகிறேன். நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். போன பருவத்தில் பதினைந்தாம் இடம், 42 புள்ளி. பிரிமியர் லீக் தொடங்கியதிலிருந்து உங்கள் மிக மோசமான நிலை. மே 21 அன்று பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டமும் டோட்டன்ஹாமிடம் 1-0 என்று போனது. அந்த நிலையிலிருந்து நீங்கள் குன்யாவை வாங்கினீர்கள், எம்பெயுமோவை வாங்கினீர்கள். இருவருக்கும் வயது 26, இருவரும் இதே லீக்கில் கோல் போட்டுக் காட்டியவர்கள். செஸ்கோவுக்கு 22. செப்டம்பர் 1-ஆம் தேதி, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடும் நாளில் வந்த கோல் காவலர் லாமென்ஸுக்கு 23. பெயருக்காக வாங்கியவர்கள் இல்லை இவர்கள். கேரிங்டன் பயிற்சி மையத்தை 50 மில்லியன் பவுண்ட் செலவில் புதுப்பித்திருக்கிறீர்கள். தாக்குதல் வரிசையைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் நான் கடையில் எல்லாரிடமும் ‘இந்த முறை உண்மையாகக் கட்டுகிறார்கள்’ என்று சொன்னேன்.

ஆனால் அந்த மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 200 மில்லியன் பவுண்ட் போன பிறகு, மத்தியத் திடலுக்கு ஒருவர்கூட வரவில்லை. கேசமீரோவுக்கு 33 வயது. புரூனோ பெர்னாண்டஸுக்கு நாளை மறுநாள் 31 நிறைகிறது. கோல் முகத்தில் ஆட வேண்டியவரைப் பின்னுக்கு இழுத்து ஓடவிட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஆடக்கூடிய இருபது வயதுப் பிள்ளை ஒருவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான்.

இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1937 அக்டோபர் முதல் இன்று வரை, உங்கள் முதல் அணி களம் இறங்கிய ஒவ்வோர் ஆட்டத்தின் பட்டியலிலும் உங்கள் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார். எண்பத்தெட்டு ஆண்டாகிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். உலகத்தில் எந்தப் பணக்காரக் கழகமும் சந்தையில் வாங்க முடியாத சொத்து இது. 2024 மே 25 அன்று, வெம்ப்லி அரங்கில், மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்று எஃப்ஏ கிண்ணத்தை எடுத்தீர்கள். அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் யார்? கர்னாச்சோவும் கோபி மைனூவும். இரண்டு பேரும் உங்கள் இளையோர் அணியிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேருக்கும் அப்போது பத்தொன்பது வயது. அந்த இறுதியாட்டம் முடிந்து இன்னும் பதினாறு மாதம்கூட ஆகவில்லை. கர்னாச்சோவைச் செல்சிக்கு 40 மில்லியனுக்கு விற்றுவிட்டீர்கள். மைனூ இந்தப் பருவத்து லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தொடக்க அணியில் இல்லை, ஆடக் கிடைக்கும் இடத்துக்கு இரவலாகவாவது போகிறேன் என்று கேட்டான், அதையும் மறுத்தீர்கள். விற்கவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் நடாத கன்றை எத்தனை நாள் நாற்றுப் பையிலேயே வைத்திருப்பது? வேர் பைக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். பிறகு எந்த மண்ணில் நட்டாலும் நிமிராது.

ஸ்காட் மெக்டோமினேயை 2024 ஆகஸ்டில் நேப்பொலிக்கு விற்றீர்கள். சின்ன வயதிலிருந்து உங்களிடம் வளர்ந்தவர். ஒரே பருவம்: இத்தாலிய லீக் பட்டம், அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. பட்டத்தை உறுதிசெய்த கடைசி ஆட்டத்தில் அந்தரத்தில் படுத்து அவர் போட்ட கோலை நான் பையன்களுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். “இவர் எந்த அணி மாமா?” என்று ஒருவன் கேட்டான். நேப்பொலி என்று சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது.

ஏன் விற்கிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. பிரிமியர் லீக்கின் கணக்கு விதிப்படி ஒரு கழகம் மூன்று ஆண்டில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. வெளியிலிருந்து வாங்கியவரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். அவரை விற்றால் எழுதாத மீதியைக் கழித்துத்தான் இலாபம். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஏட்டில் விலையே இல்லை. விற்றால் வரும் தொகை முழுவதும் இலாபம். ஆக, ஏட்டைப் பார்க்கிறவருக்குத் தன் பிள்ளையை விற்பதுதான் மிக எளிய வழி. பட்டையைப் பார்க்காமல் வெட்டுவது என்று நான் மேலே எழுதினேனே, அது இதுதான். வாளி நிறைகிறது. இந்த ஆண்டுக் கணக்கு அழகாக இருக்கிறது. மரம் போகிறது.

இந்தக் கோடையில் ரஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, ஆண்டனி, சாஞ்சோ, மலாசியா என்று ஐந்து பேரை அணியோடு சேர்க்காமல் தனியாக, மாலையில் பயிற்சி செய்ய விட்டீர்கள். போக விரும்பியவர்கள்தாம் அவர்கள்; ஒழுங்கு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரஷ்ஃபோர்ட் ஏழு வயதில் உங்கள் வாசலுக்கு வந்தவர். 138 கோல் போட்டவர். அவரை மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு பின்வாசல் வழியாக வரச் செய்ததை எங்கள் ஊரில் யாரும் சரி என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் இந்த மடலில் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர்களைப் பற்றியது இல்லை. ஆனால் எங்கள் வயிற்றை அதிகம் எரித்தது அதுதான். 2024-இல் 250 ஊழியர்களுக்கு வேலை போனது. 2025-இல் இன்னும் 200 பேர் வரை என்று அறிவித்தீர்கள். மிஞ்சியவர்களின் இலவசப் பகலுணவையும் நிறுத்தினீர்கள். அதே காலத்தில், ஒப்பந்தத்தை நீட்டித்து நாலு மாதம்கூட ஆகாத தென் ஹாக்கையும், சேர்ந்து ஐந்து மாதத்தில் போன விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தையும் அனுப்பிவைக்க உங்களுக்கு ஆன செலவு 14.5 மில்லியன் பவுண்ட். உங்கள் கணக்கறிக்கையில் நீங்களே எழுதிய தொகை அது. எத்தனை பேருடைய, எத்தனை ஆண்டுப் பகலுணவு என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தோட்டம் கைமாறியபோதும் இதே வரிசையில்தான் நடந்தது. முதலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை மூடினார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் லாரி நின்றது. பிறகு ஒரு நாள் காலையில் திடலுக்குள் குழி தோண்டி, கோல் கம்பங்களுக்கு நடுவில் செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். கம்பத்தைக்கூட யாரும் பிடுங்கவில்லை. இரண்டு ஆண்டில் ஓலை வளர்ந்து கம்பத்தை மூடிவிட்டது. செலவைக் குறைக்கிறோம் என்று எவர் சொன்னாலும் அந்தக் கம்பம்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களைத் தெருவில் விட்ட காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து, பால் வெட்டுகிறவர்களின் பணத்திலேயே தோட்டம் வாங்கிக் காட்டினார். 2005-இல் உங்கள் கழகத்தை வாங்கிய குடும்பம் கடன் வாங்கி வாங்கியது. அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தியது. இரண்டு கதையையும் பையன்களுக்கு ஒரே நாளில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மே 28-ஐப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் நிறைவு பெறாது. அன்று கோலாலம்பூருக்கு வந்தீர்கள். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஆசியான் நட்சத்திர அணியோடு ஆட்டம். எங்கள் ஊரிலிருந்து ஒரு வேனில் பதினொரு பேர் போனோம். அதில் ஐந்து பேர் நான் சனிக்கிழமைகளில் பந்து கற்றுக்கொடுக்கும் பையன்கள். இரண்டு மாதமாகத் தகரப் பெட்டியில் காசு சேர்த்தார்கள். 70,000 பேருக்கும் மேல் நிறைந்த அரங்கில், 71-ஆவது நிமிடத்தில் மியன்மாரின் மாங் மாங் லுவின் ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான் ஆட்டம். 1-0. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் உங்கள் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். நீண்ட பருவம், நீண்ட பயணம், கால் களைத்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தோற்றதற்காக நான் வருந்தவில்லை. மியன்மார்க்காரர் ஒருவர் அப்படியொரு கோல் போட்டது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் உங்கள் ஆட்டக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரையொருவர் கைகாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கட்டப்படுகிற அணி அப்படி இருக்காது. தோற்கும், ஆனால் தான் என்ன செய்ய முயல்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் பையன்களில் ஒருவனுக்கு வயது பதினொன்று. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அவன் மத்தியத் திடலில் ஆடுகிறான். பந்து வரும்முன் தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மைனூவைப் பார்த்துப் பழகியது. இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்புச் சட்டை, முதுகில் 37. திரும்பி வரும் வழியில் தாப்பா பக்கம் வண்டி நின்றபோது விளக்கைப் போட்டேன். மற்ற எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் சட்டையைக் கழற்றி மடியில் விரித்து வைத்திருந்தான். ‘7’ என்ற எண்ணின் ஒரு மூலை உரிந்து நின்றது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். ஏன் தூங்கவில்லை என்று கேட்டேன். “கையை எடுத்தால் மறுபடி எழும்பிவிடுகிறது மாமா” என்றான்.

நிர்வாகத்தினரே, நாங்கள் கிண்ணம் கேட்கவில்லை. ஐந்து ஆண்டு ஆகும் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறோம். காத்திருப்பது எங்கள் பரம்பரைத் தொழில். ஆனால் எண்ணிப் பார்க்க ஏதாவது கொடுங்கள். எங்கள் ஊரில் சிறுதோட்டக்காரர் ஒருவர் மறுநடவுக்கு ரிஸ்டா என்ற அரசு நிறுவனத்திடம் உதவித்தொகை கேட்டால், முழுத்தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட மாட்டார்கள். அதிகாரி நேரில் வருவார். நிலம் துப்புரவாக இருக்கிறதா, கன்று நட்டிருக்கிறதா, களை எடுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. இருபத்தைந்து ஆண்டாக என்னுடைய தவணையை நான் எதையும் பார்க்காமல் கட்டிக்கொண்டிருக்கிறேன்: சந்தா, சட்டை, டிக்கெட், தூக்கம். இப்போது பார்க்க வேண்டும் என்கிறேன்.

நான் எண்ணப் போவது இவற்றைத்தான். அமோரிமை இந்தப் பருவத்தின் நடுவில் அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்து, அவருக்காக இன்னொரு முறை எல்லாவற்றையும் பிடுங்குவீர்களா, அல்லது ஆள் யாராக இருந்தாலும் அணி இப்படித்தான் ஆடும் என்று முடிவெடுப்பீர்களா? அடுத்த சந்தை திறக்கும்போது மத்தியத் திடலுக்கு ஆள் வருமா? ஏட்டில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்க மறுபடியும் வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சந்தைக்கு அழைத்துப்போவீர்களா? மைனூ ஆடுவானா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முதல் கேள்வி. மற்ற மூன்றுக்கும் பதில் வர மாதக்கணக்காகும். இதற்கு எட்டு நாள் போதும். அவனை ஆட வைத்தால் தோற்க மாட்டீர்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. பதினைந்தாம் இடத்தில் முடிந்த அணி, நான்காம் பிரிவிடம் தோற்ற அணி, தன் சொந்தக் கன்றை நட்டுப் பார்க்க இனி எந்தக் காலத்துக்குக் காத்திருக்கிறது என்று கேட்கிறேன்.

வேன் ஓட்டும் பெரியவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பாதி நட்டிருக்கிறார்கள், பாதி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம் என நினைத்தேன். எங்கள் அனுபவத்தில் அப்படி ஒரு தோட்டம் கிடையாது. ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே இருந்தால் நட்ட பக்கத்தையும் ஒரு நாள் வெட்டத்தான் வருவார்கள். அதனால் அவரிடம், மடல் எழுதியிருக்கிறேன், பார்ப்போம் என்று மட்டும் சொல்லப்போகிறேன்.

வருகிற 14-ஆம் தேதி ஞாயிறு, மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம். எங்கள் நேரம் இரவு 11.30. இரவு நேரமானாலும் அந்தப் பையனை அவன் அப்பா கடைக்கு அழைத்து வருவார், நான் பேசிவிட்டேன். அவன் அம்மா சட்டையின் மேல் துணி வைத்து இஸ்திரி போட்டு, உரிந்த எண்ணை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அணிப் பட்டியல் திரையில் வரும்போது, பதினொரு பேரில் 37 இருக்கிறதா என்றுதான் அவன் முதலில் தேடுவான்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் பள்ளித் திடலில் பையன்களுக்குப் பந்து கற்றுக்கொடுக்கும்
உங்கள் ஆதரவாளன்